ஆன்டி-சீட் பிழை வந்தால் எங்கிருந்து தொடங்குவது?

மேட்ச் கிடைத்து அக்செப்ட் அழுத்தியாயிற்று, மேப்பும் லோடாகிறது. திடீரென்று நடுத்திரையில் ஒரு சின்னப் பெட்டி: கேம் செஷனைச் சரிபார்க்க முடியவில்லை. அக்கவுண்ட்டே போய்விட்டதோ என்று பலருக்கு வயிற்றைக் கலக்கும். போகவில்லை. பேன் என்ற தடை வேறு, சரிபார்ப்புப் பிழை வேறு. பேன் விழுந்தால் பெரும்பாலும் அக்கவுண்ட்டில் அது பதிந்திருக்கும், எந்தக் கம்ப்யூட்டரில் லாகின் செய்தாலும் கூடவே வரும். சரிபார்ப்புப் பிழை இந்த ஒரு கம்ப்யூட்டரைப் பற்றியது. இங்கே ஏதோ ஒன்று ஒழுங்காக இருக்கிறது என்று ஆன்டி-சீட்டால் (கேமில் ஏமாற்று மென்பொருளைத் தடுக்கும் காவலாளி) உறுதிசெய்ய முடியவில்லை, அதனால் உள்ளே விடவில்லை. அவ்வளவுதான்.

எங்கே கேட்டாலும் முதலில் வரும் யோசனை "விண்டோஸை ஃபார்மட் பண்ணிடு". அதைக் கடைசிவரை தள்ளி வையுங்கள். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) செக்யூர் பூட் (கையெழுத்துள்ள மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் பூட்டு) ஆஃபாக இருந்தால், பத்து முறை ஃபார்மட் செய்தாலும் பதினோராவது முறையும் அதே பெட்டிதான் வரும்.

ஆன்டி-சீட் வரிசையாக ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது: கேமின் ஃபைல்கள் மாறாமல் இருக்கின்றனவா, அதன் சர்வீஸ் ஓடுகிறதா, அதன் டிரைவர் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலில் ஏறியதா, விண்டோஸ் நம்பகமான முறையில் பூட் ஆனதா, சர்வரோடு பேச முடிகிறதா. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்பதைப் பிழைச்செய்தியே பெரும்பாலும் சொல்லிவிடும். நாம்தான் படிக்காமல் ஓகே அழுத்திவிடுகிறோம்.

ஒரு குறிப்பு: கீழே வரும் கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள், சாய்கோட்டுக்கு முன்னால் ஒரு இடைவெளி விட வேண்டும். எல்லாவற்றையும் கமாண்ட் ப்ராம்ப்ட்டை வலது க்ளிக் செய்து, அட்மினாகத் திறந்துதான் ஓட்ட வேண்டும்.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்

ஈஸி ஆன்டி-சீட்டில் அடிக்கடி வரும் ஒரு பிழை: "30005 (கிரியேட்ஃபைல் ஃபெயில்டு வித் 32)". எல்லோரும் 30005ஐத் தேடுவார்கள். அது ஈஸி ஆன்டி-சீட் தானாக வைத்துக்கொண்ட எண். உண்மையான துப்பு கடைசியில் இருக்கும் 32. அது விண்டோஸின் சொந்தப் பிழை எண். அதன் அர்த்தத்தை விண்டோஸிடமே கேட்கலாம். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் "நெட் ஹெல்ப்எம்எஸ்ஜி 32" என்று கொடுத்தால், அந்த ஃபைலை வேறொரு ப்ராசஸ் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று ஒரே வரியில் பதில் வரும். எந்த ஆன்டி-சீட்டாக இருந்தாலும் இது உதவும்.

திரும்பத் திரும்பக் கண்ணில் படுபவை இவை:

5 என்றால் அனுமதி மறுப்பு. ஆன்டிவைரஸ் தடுத்திருக்கும், அல்லது விண்டோஸ் செக்யூரிட்டியில் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் ஆனாக இருக்கும்.

32 என்றால் முன்பு சரியாக மூடாத கேம் பின்னணியில் இன்னும் ஓடுகிறது. டாஸ்க் மேனேஜரில் அதை எண்ட் டாஸ்க் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்தும் வந்தால், கேம் ஃபோல்டருக்குள் இருக்கும் ஈஸிஆன்டிசீட் ஃபோல்டரைத் திறந்து, அதே பெயரில் சிஸ் என்று முடியும் ஃபைலை மட்டும் நீக்கிவிட்டு கேம் ஃபைல்களை வெரிஃபை செய்யுங்கள். புதிதாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

577 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்தை விண்டோஸால் சரிபார்க்க முடியவில்லை. தேதி தவறாக இருப்பது, விண்டோஸ் அப்டேட் நெடுநாளாக நின்றுபோயிருப்பது, டிஸ்க்கில் ஃபைல் பழுதாகியிருப்பது ஆகிய மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள்.

1058 என்றால் சர்வீஸ் டிசேபிள் ஆகியிருக்கிறது. "கேமிங் ஆப்டிமைசர்" என்ற பெயரில் வரும் ஸ்கிரிப்ட்களை ஓட்டியவர்களுக்கு இது சகஜம்.

1072 என்றால் பழைய சர்வீஸை நீக்கச் சொல்லியாயிற்று, ஆனால் இன்னும் நீங்கவில்லை. சர்வீசஸ் ஜன்னல் திறந்திருந்தாலே இது நடக்கும். அதை மூடிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் தீர்ந்தது.

1275 என்றால் டிரைவர் ஏறவிடாமல் தடுக்கப்பட்டிருக்கிறது. இதற்குக் கீழே "அடுத்தவர் டிரைவர்" என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

முதல் பத்து நிமிடம்

ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வது போதாது, இரண்டும் ஒன்றல்ல. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி வழக்கமாக ஆனாகவே இருக்கும். ஷட் டவுன் செய்யும்போது கெர்னலை அப்படியே டிஸ்க்கில் உறையவைத்து, ஆன் செய்ததும் எடுத்து விரித்துவிடும். அதில் ஏற மறுத்த டிரைவர் மறுநாளும் ஏற மறுத்த நிலையிலேயே இருக்கும். ரீஸ்டார்ட் ஒன்றுதான் கெர்னலை முதலிலிருந்து எழுப்புகிறது. "மூணு நாளா ஆஃப் பண்ணி ஆன் பண்றேன், சரியாகலை" என்பவர்களில் பலருக்கு ஒரே ஒரு ரீஸ்டார்ட்டில் சரியாவது இதனால்தான்.

பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். செர்டிஃபிகேட்டுகளுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கம்ப்யூட்டர் தன்னை 2019இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால், இந்த வருடம் கையெழுத்தான டிரைவர் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் போய் சிங்க் நவ் அழுத்துங்கள். மின்சாரம் போய் வந்த பிறகெல்லாம் தேதி பின்னுக்குப் போகிறது என்றால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும் பட்டன் செல்தான் அது. இதை அலட்சியப்படுத்த வேண்டாம். பேட்டரி செத்தால் தேதி மட்டும் போகாது. பல போர்டுகளில் பயாஸ் செட்டிங்கும் பழைய நிலைக்குத் திரும்பும். நேற்று கஷ்டப்பட்டு ஆன் செய்த டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி), இன்று காலை கரண்ட் போய் வந்ததும் ஆஃப். பிழை விட்டு விட்டு வருகிறது என்ற புகாருக்குப் பின்னால் இந்தச் சின்ன வட்டம் ஒளிந்திருக்கலாம்.

மூன்றாவது, ஃபைல் சரிபார்ப்பு. ஸ்டீமில் கேமை வலது க்ளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ், வெரிஃபை இன்டெக்ரிட்டி. எபிக்கில் கேமின் மூன்று புள்ளியை அழுத்தி மேனேஜ், அதில் வெரிஃபை. இதில் பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. வெரிஃபை மாறிப்போன ஃபைலைத் திருத்தும், காணாமல் போனதைக் கொண்டுவரும். கூடுதலாக நீங்கள் வைத்ததை நீக்காது. ரீஷேட் போன்ற கிராஃபிக்ஸ் மாட்கள் கேம் ஃபோல்டரில் டிஎக்ஸ்ஜிஐ, டி3டி11, டின்புட்8 போன்ற பெயர்களில் டிஎல்எல் ஃபைல்களைப் போட்டுவைக்கும். வெரிஃபை நூறு சதவீதம் ஓகே என்று சொல்லும், ஆன்டி-சீட் அதே ஃபைலைக் காட்டி வெளியே தள்ளும். அந்த ஃபோல்டரைத் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். கேம் அப்டேட் ஆகாத ஒரு நாளில் வந்து உட்கார்ந்த டிஎல்எல் இருந்தால் அதுதான் ஆள்.

வேக்

ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் ஆன்டி-சீட்டான வேக் 2002 முதல் இருக்கிறது. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2இல் வரும் "கேம் செஷனைச் சரிபார்க்க முடியவில்லை" என்பது பெரும்பாலும் ஸ்டீம் பக்கத்துக் கோளாறு. ஸ்டீமை எக்ஸிட் கொடுத்து முழுதாக மூடுங்கள், மேலே இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால் அது டாஸ்க்பாரில் போய் ஒளிந்துகொள்ளும். மூடிவிட்டுத் திறந்தும் சரியாகாவிட்டால் ஸ்டீம் சர்வீஸை ரிப்பேர் செய்ய வேண்டும். ஸ்டீம் மூடியிருக்கும்போது, ஸ்டீம் நிறுவிய ஃபோல்டருக்குள் பின் என்ற ஃபோல்டரில் இருக்கும் ஸ்டீம்சர்வீஸ் ஃபைலின் முழு முகவரியை கமாண்ட் ப்ராம்ப்ட்டில் மேற்கோள் குறிக்குள் ஒட்டி, ஒரு இடைவெளி விட்டு "/ரிப்பேர்" சேர்த்து என்டர் தட்டுங்கள்.

லாஞ்ச் ஆப்ஷன்களையும் பாருங்கள். எஃப்பிஎஸ் கூடும் என்று யாரோ சொன்ன நீண்ட வரியை அப்படியே ஒட்டியிருப்போம். அதற்குள் "-இன்செக்யூர்" இருந்தால் வேக் பாதுகாப்புள்ள சர்வரில் நுழையவே முடியாது. வெளி மென்பொருளை அனுமதிக்கும் ஆப்ஷன் இருந்தால் ட்ரஸ்டட் மோட் அணைந்துவிடும். 2020இல் வந்த இந்த மோட்தான் கையெழுத்தில்லாத டிஎல்எல்கள் கேமுக்குள் நுழைவதைத் தடுக்கிறது. வரியை முழுதாக அழித்துவிட்டு ஒருமுறை ஆடிப் பாருங்கள். எஃப்பிஎஸ்ஸும் குறையாது.

அடுத்தது பூட் அமைப்பு. "பிசிடிஎடிட்" என்று மட்டும் தட்டினால் ஒரு பட்டியல் வரும். அதில் டெஸ்ட்சைனிங், நோஇன்டெக்ரிட்டிசெக்ஸ், டீபக் ஆகியவற்றில் எதற்காவது நேராக யெஸ் இருந்தாலோ, என்எக்ஸ் என்பதற்கு நேராக ஆல்வேஸ்ஆஃப் இருந்தாலோ, காரணம் கிடைத்துவிட்டது. டெஸ்க்டாப்பின் வலது கீழ் மூலையில் டெஸ்ட் மோட் என்ற வாட்டர்மார்க் தெரிந்தாலும் அதே கதைதான். "பிசிடிஎடிட் /செட் டெஸ்ட்சைனிங் ஆஃப்", "பிசிடிஎடிட் /டெலிட்வேல்யூ நோஇன்டெக்ரிட்டிசெக்ஸ்", "பிசிடிஎடிட் /டீபக் ஆஃப்", "பிசிடிஎடிட் /செட் என்எக்ஸ் ஆப்ட்இன்", இவற்றில் எது தேவையோ அதை மட்டும் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் முதலில் அதை சஸ்பெண்ட் செய்துவிடுங்கள், பூட் அமைப்பு மாறினால் அது ரெக்கவரி கீ கேட்கலாம். மலிவு விலை மேக்ரோ மவுஸ்களோ பழைய கன்ட்ரோலர் மென்பொருளோ இன்ஸ்டால் ஆகும்போதே டெஸ்ட் மோடை ஆன் செய்துவிட்டுப் போவதும் உண்டு. அந்த மென்பொருளை நீக்காமல் மோடை மட்டும் அணைத்தால் சாதனம் வேலை செய்யாது. எது முக்கியம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர் என்றால், டீப் ஃப்ரீஸ், சாண்ட்பாக்ஸி போன்றவை வேக்கோடு ஒத்துப்போகாது. அங்கே நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை, சென்டர்காரர்தான் செய்ய வேண்டும்.

ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ

ஃபோர்ட்நைட், ஏபெக்ஸ், ரஸ்ட், எல்டன் ரிங் போன்றவை ஈஸி ஆன்டி-சீட் பக்கம். ரெயின்போ சிக்ஸ் சீஜ், டேஇஸட், டார்கோவ் போன்றவை பேட்டில்ஐ பக்கம்.

ஈஸி ஆன்டி-சீட் ரிப்பேர்: கேம் ஃபோல்டருக்குள் ஈஸிஆன்டிசீட் ஃபோல்டரில் செட்அப் என்று முடியும் ஃபைலை அட்மினாக ஓட்டுங்கள். பழைய வகை என்றால் கேமைத் தேர்ந்தெடுத்து ரிப்பேர் சர்வீஸ் கொடுக்கும் பெட்டி வரும். எபிக்கின் புதிய வகையில் நேராக ஓட்டினால் ஒன்றும் நடக்காமல் போகலாம், அதற்குக் கேமின் அடையாள எண்ணைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சில கேம்கள் அதற்கென்றே ஒரு பேட் ஃபைலைப் பக்கத்தில் வைத்திருக்கும், அதை ஓட்டினால் போதும்.

"அன்ட்ரஸ்டட் சிஸ்டம் ஃபைல்" என்று வந்தால் கூடவே ஒரு ஃபைல் முகவரியும் வரும். போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு, எக்ஸ்ப்ளோரரில் அந்த ஃபைலுக்குப் போய் வலது க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் போய் அது யாருடையது என்று பாருங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைல் என்றால் விண்டோஸைப் பழுதுபார்க்க வேண்டும். முதலில் "டிஐஎஸ்எம் /ஆன்லைன் /க்ளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த்", அது முடிந்த பிறகு "எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்". வரிசையை மாற்றாதீர்கள். எஸ்எஃப்சி பழுதான ஃபைலுக்கு மாற்று எடுக்கும் கிடங்கையே டிஐஎஸ்எம்தான் சரிசெய்கிறது. கிடங்கே கெட்டிருக்கும்போது எஸ்எஃப்சி ஓட்டினால், பழுதைக் கண்டேன், சரிசெய்ய முடியவில்லை என்று கையை விரித்துவிடும். டிஐஎஸ்எம்முக்கு இணையம் வேண்டும். 62 சதவீதத்திலோ வேறெங்கோ நின்றதுபோல் தெரியும், ஜன்னலை மூடிவிடாதீர்கள்.

விண்டோஸ் ஃபோல்டருக்கு வெளியே இருக்கும் ஃபைல் என்றால் அந்த ஃபைலை அழிப்பதில் பயனில்லை. அது எந்த மென்பொருளுடையது என்று பார்த்து, அதை அப்டேட் செய்யுங்கள் அல்லது நீக்குங்கள்.

பேட்டில்ஐ சர்வீஸ் இன்ஸ்டால் ஆகவில்லை என்றால்: கேமை மூடி, சி டிரைவின் ப்ரோக்ராம் ஃபைல்ஸ் (எக்ஸ்86) ஃபோல்டரில் காமன் ஃபைல்ஸுக்குள் இருக்கும் பேட்டில்ஐ ஃபோல்டரை நீக்குங்கள். "எஸ்சி டெலிட் பிஇசர்வீஸ்" என்று கொடுத்து ரீஸ்டார்ட் செய்து கேமைத் திறந்தால் தானே போட்டுக்கொள்ளும். "க்வெரி டைம்அவுட்" வந்தால் பழுது கம்ப்யூட்டருக்குள் இல்லை. ஃபயர்வாலையோ இணைப்பையோ பாருங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு ஒருமுறை முயன்றால் எந்தப் பக்கம் என்று உடனே தெரிந்துவிடும்.

இரண்டுக்கும் பொதுவாக, ஆன்டிவைரஸில் கேம் ஃபோல்டரையும் ஆன்டி-சீட் ஃபோல்டரையும் விதிவிலக்காகச் சேர்த்துவிடுங்கள். ஆன்டிவைரஸை நிரந்தரமாக அணைத்துவைப்பது தீர்வல்ல.

வேன்கார்ட்

ரயட் நிறுவனத்தின் வேலரன்ட் கேமோடு 2020இல் வந்த வேன்கார்ட் ஆன்டி-சீட்டின் டிரைவர், கேமைத் திறக்கும்போது அல்லாமல் விண்டோஸ் எழும்போதே ஏறுகிறது. 2024 மே முதல் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸுக்கும் இதே ஏற்பாடு. அதனால் டாஸ்க்பார் ஐகானில் எக்ஸிட் கொடுத்து வேன்கார்டை மூடினால், அடுத்த ரீஸ்டார்ட்வரை ஆட முடியாது. பிழை இல்லை, வடிவமைப்பே அப்படி.

சர்வீசஸ் ஜன்னலில் விஜிசி என்ற சர்வீஸ் டிசேபிள் ஆகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் பிழை வந்தால், ஆப்ஸ் பட்டியலில் ரயட் வேன்கார்டை மட்டும் நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, ரயட் க்ளையன்ட்டைத் திறந்து மறுபடி போட்டுக்கொள்ளவிட்டு, இன்னொரு ரீஸ்டார்ட். இரண்டு ரீஸ்டார்ட்டும் அவசியம். கேமை நீக்க வேண்டியதில்லை, அத்தனை ஜிபி டேட்டா வீண்.

விண்டோஸ் 11இல் வேன் 9001 வந்தால் டிபிஎம் 2.0வும் செக்யூர் பூட்டும் வேண்டும். வேன் 9003 வந்தால் செக்யூர் பூட் மட்டும். வேன் 152 என்பது ஹார்ட்வேர் பேன். இந்த வழிகாட்டியில் எதுவும் அதற்கு உதவாது, ரயட்டுக்குத்தான் எழுத வேண்டும்.

செக்யூர் பூட், டிபிஎம்: அவசரப்பட்டால் கருப்புத் திரை

முன்பு வேலரன்ட்காரர்களின் தலைவலியாக இருந்தது இப்போது எல்லோருக்கும் வந்துவிட்டது. 2025 அக்டோபரில் வந்த பேட்டில்ஃபீல்டு 6 செக்யூர் பூட் இல்லாமல் ஓடாது. அடுத்த மாதம் வந்த கால் ஆஃப் டியூட்டி பிளாக் ஆப்ஸ் 7 செக்யூர் பூட், டிபிஎம் 2.0 இரண்டையும் கேட்கிறது. பூட் ஆகும் கட்டத்திலேயே, விண்டோஸுக்கு முன்னால் ஒரு சீட் டிரைவர் நுழைந்துவிட்டால் பிறகு அதைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதுதான் காரணம்.

முதலில் நிலவரம். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி "எம்எஸ்இன்ஃபோ32" கொடுங்கள். பயாஸ் மோட் என்பதற்கு நேராக யுஇஎஃப்ஐயா (புதிய முறை) லெகசியா (பழைய முறை), செக்யூர் பூட் ஸ்டேட் ஆனா ஆஃபா என்று பாருங்கள். பிறகு "டிபிஎம்.எம்எஸ்சி" கொடுத்து ஸ்பெசிஃபிகேஷன் வெர்ஷன் 2.0 என்று இருக்கிறதா பாருங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்னால் பிட்லாக்கர். "எனக்கு பிட்லாக்கரே கிடையாது" என்று நினைக்காதீர்கள், புதிய லேப்டாப்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்கும். "மேனேஜ்-பிடிஇ -ஸ்டேட்டஸ்" கொடுத்தால் தெரியும். ஆனாக இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டிலிருந்து எடுத்துத் தாளில் எழுதிவைத்துவிட்டு, பாதுகாப்பை சஸ்பெண்ட் செய்யுங்கள். போனில் போட்டோ எடுத்தாலும் சரி, அதே கம்ப்யூட்டரில் மட்டும் சேமிக்காதீர்கள்.

பயாஸ் மோட் யுஇஎஃப்ஐ என்றால் நேராகச் செக்யூர் பூட்டுக்குப் போகலாம். லெகசி என்றால் இங்கேதான் பலர் கம்ப்யூட்டரைக் கருப்புத் திரையில் நிறுத்துகிறார்கள். டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருக்கும்போது பயாஸில் சிஎஸ்எம்மை (லெகசி முறையை அனுமதிக்கும் அமைப்பு) அணைத்தால் விண்டோஸ் எழாது. டிஸ்க்கை முதலில் புதிய முறையான ஜிபிடிக்கு மாற்ற வேண்டும், பிறகுதான் சிஎஸ்எம். தவறுதலாக அணைத்துவிட்டால் பதற வேண்டாம், மறுபடி சிஎஸ்எம் ஆன் செய்தால் பழையபடி எழும்.

மாற்ற, முக்கியமான ஃபைல்களை வெளி டிரைவில் நகலெடுத்துவிட்டு "எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /அலவ்ஃபுல்ஓஎஸ்" கொடுங்கள். இது சோதனை மட்டும், எதையும் மாற்றாது. வேலிடேஷன் ஃபெயில்டு என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ப்ரைமரி பார்ட்டிஷன்களின் எண்ணிக்கை. மூன்றுக்கு மேல் இருந்தால் கருவி ஏற்காது. கடையில் அசெம்பிள் செய்தபோது சி, டி, இ, எஃப் என்று பிரித்துக் கொடுத்த டிஸ்க்குகள் இங்கேதான் மாட்டும். ஒன்றைக் காலி செய்து நீக்க வேண்டியிருக்கும். சோதனை வெற்றி என்றால் அதே கட்டளையில் வேலிடேட் என்ற இடத்தில் "கன்வர்ட்" போட்டு ஓட்டுங்கள். டேட்டா அழியாது. முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து நேராகப் பயாஸ். டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் டெலிட் விசை, லேப்டாப்களில் எஃப்2 அல்லது எஃப்10.

பயாஸில் சிஎஸ்எம்மை அணைக்கும்போது பழைய கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். கார்டின் உள்நிரல் யுஇஎஃப்ஐயை ஆதரிக்காவிட்டால் திரையே வராது. அப்படியானால் சிபியுவில் உள்ளமைந்த கிராஃபிக்ஸில் கேபிளைச் செருகிப் பாருங்கள், அதுவும் இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பயாஸை ரீசெட் செய்யுங்கள். அந்தக் கார்டோடு செக்யூர் பூட் கேட்கும் கேம்கள் சரிப்படாது.

பிறகு டிபிஎம். இன்டெல் போர்டுகளில் பிடிடி என்றும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் பெயர். தனியாக டிபிஎம் சிப் வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள், இன்டெல் 8ஆம் தலைமுறை, ரைசன் 2000க்குப் பிறகு வந்தவற்றில் உள்ளேயே இருக்கிறது.

செக்யூர் பூட்டில் ஒரு பொறி இருக்கிறது. பயாஸில் எனேபிள்டு என்று காட்டும், விண்டோஸில் எம்எஸ்இன்ஃபோ ஆஃப் என்று சொல்லும். காரணம் கீகள் ஏற்றப்படாமல் போர்டு செட்அப் மோடில் இருப்பது. பூட்டு இருக்கிறது, சாவி இல்லை. கிகாபைட் போர்டுகளில் எனேபிள்டு என்பதற்குப் பக்கத்திலேயே நாட் ஆக்டிவ் என்று இருக்கும். செக்யூர் பூட் மோடை கஸ்டமுக்கு மாற்றி, ரெஸ்டோர் ஃபேக்டரி கீஸ் கொடுத்து, மீண்டும் ஸ்டாண்டர்டுக்குத் திருப்பிச் சேமியுங்கள். அஸுஸில் ஓஎஸ் டைப் என்பதை விண்டோஸ் யுஇஎஃப்ஐ மோட் ஆக்க வேண்டும், அதர் ஓஎஸ் என்று இருந்தால் செக்யூர் பூட் அணைந்ததற்குச் சமம். திரும்பி வந்து எம்எஸ்இன்ஃபோவில் ஆன் என்று கண்ணால் பார்த்த பிறகே கேமைத் திறங்கள்.

லினக்ஸும் சேர்த்து டூயல் பூட் வைத்திருந்தால், செக்யூர் பூட் ஆன் ஆனதும் அங்கே என்விடியா டிரைவர் ஏறாமல் போகலாம். அதன் மாட்யூலுக்குக் கையெழுத்துப் போட்டுச் சாவியைப் பதிவு செய்ய வேண்டும்.

2025 டிசம்பரில் இன்னொரு அடுக்கு சேர்ந்தது. சில மதர்போர்டுகள், சாதனங்கள் மெமரியை இஷ்டத்துக்குத் தொடாமல் தடுக்கும் ஐஓஎம்எம்யு பாதுகாப்பு ஆன் என்று காட்டிவிட்டு, பூட்டின் தொடக்க நொடிகளில் அதைச் சரியாக இயக்காமல் விட்டது வெளியே வந்தது. அஸுஸ், கிகாபைட், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் நான்கும் பயாஸ் அப்டேட் கொடுத்தன. வேன்கார்ட் "வேன் ரெஸ்ட்ரிக்ஷன்" என்று காட்டிப் பயாஸைப் புதுப்பிக்கச் சொன்னால் அதைச் செய்வதுதான் வழி. போர்டின் சரியான மாடலும் ரிவிஷன் எண்ணும் பார்த்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் எடுத்து, ஃபேட்32 பென்டிரைவில் போடுங்கள். யுபிஎஸ் இல்லாமல் மழைநாள் மாலையில் இதைத் தொடங்காதீர்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டே போகலாம். அப்டேட் முடிந்ததும் எல்லா செட்டிங்கும் ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும், சிஎஸ்எம், டிபிஎம், செக்யூர் பூட் மூன்றையும் மறுபடி பாருங்கள். ஏஎம்டியில் எஃப்டிபிஎம்மை ரீசெட் செய்யலாமா என்று ஒய் அல்லது என் கேட்டு நிற்கும். ரெக்கவரி கீ கையில் இருந்தால் மட்டும் ஒய்.

அடுத்தவர் டிரைவர்

ஆன்டி-சீட் ஒழுங்காக இருந்தும், பக்கத்தில் இருக்கும் ஒரு பழைய டிரைவரால் வெளியே தள்ளப்படுவது உண்டு. ஃபேன் வேகம், ஆர்ஜிபி விளக்கு, ஓவர்க்ளாக் மென்பொருள்கள் ஹார்ட்வேரைத் தொடுவதற்கு ஒரு கெர்னல் டிரைவர் வைத்திருக்கும். அவற்றில் சில யார் கேட்டாலும் மெமரியைத் திறந்துகொடுக்கும் அளவுக்கு ஓட்டையானவை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரின் பழைய பதிப்பில் இருந்த ஆர்டிகோர்64, கிகாபைட்டின் ஜிடிஆர்வி, பல மென்பொருள்கள் பகிர்ந்துகொண்ட வின்ரிங்0 ஆகியவை பேர்போனவை. ஆன்டி-சீட் டிரைவரும் இதற்கு விலக்கில்லை. கென்ஷின் இம்பாக்ட்டின் பழைய டிரைவரை 2022இல் ரான்சம்வேர் கும்பல் ஆன்டிவைரஸை அணைக்கப் பயன்படுத்தியது.

எது என்று கண்டுபிடிக்க ஈவென்ட் வியூவர். அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கோட்இன்டெக்ரிட்டி, ஆப்பரேஷனல் என்று உள்ளே போங்கள். வரிசையாகச் சிவப்பும் மஞ்சளுமாக வரும், பயப்பட வேண்டாம், அதில் பாதி தினசரிச் சத்தம். 3033 என்ற எண்ணில் சாதாரண மென்பொருள்களின் டிஎல்எல்கள்கூட நிறைய வரும். பிழைப் பெட்டி வந்த மணி, நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நிமிடத்தில் விழுந்த பதிவை மட்டும் திறங்கள். சிஸ்டம்32, டிரைவர்ஸ், அதற்குப் பின்னால் ஒரு ஃபைல் பெயர் என்று முழு முகவரி இருக்கும்.

பெயர் கிடைத்ததும் அதன் மென்பொருளை அப்டேட் செய்யுங்கள் அல்லது நீக்குங்கள். நீக்கியும் டிரைவர் மட்டும் தங்கிவிடுவது சகஜம். மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோரன்ஸ் கருவியை அட்மினாகத் திறந்து, டிரைவர்ஸ் டேபில் அந்தப் பெயருக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெயர் புரியாத எதன் டிக்கையும் எடுக்காதீர்கள், டிஸ்க் கன்ட்ரோலரை அணைத்துவிட்டால் விண்டோஸே எழாது. விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் பக்கமும் ஒத்துப்போகாத டிரைவர்களின் பட்டியலைக் காட்டும்.

மெமரி

பிழை ஒருமுறை ஒரு ஃபைலையும் மறுமுறை வேறொரு ஃபைலையும் காட்டினால், வெரிஃபை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சில ஃபைல்கள் கெட்டதாகச் சொன்னால், மென்பொருளை விட்டுவிட்டு ரேமைச் சந்தேகியுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதிவேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைத்து ஒரு நாள் ஆடிப் பாருங்கள். நின்றுவிட்டால் அந்த வேகத்தை ரேமோ போர்டோ தாங்கவில்லை. நிற்காவிட்டால் மெம்டெஸ்ட்86ஐ நான்கு சுற்று ஓடவிடுங்கள், ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் ஆகாது. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருந்தால் 2024 செப்டம்பரிலோ அதற்குப் பிறகோ வந்த மைக்ரோகோடு (சிப்புக்கான திருத்தம்) உள்ள பயாஸ் அவசியம், அந்தச் சிப்களின் நிலையின்மை இதேபோலத்தான் வெளியே தெரியும்.

சரிசெய்ய முடியாதவை

சிலவற்றில் நேரத்தை வீணாக்க வேண்டாம். டிஃபெண்டரையும் அப்டேட்டையும் வெட்டியெறிந்த "லைட்" விண்டோஸ்களில் சிஸ்டம் ஃபைல்களே மாற்றப்பட்டிருக்கலாம், அங்கே எஸ்எஃப்சியும் பயன்படாது. ஃபார்மட் நியாயமாகத் தேவைப்படும் இடம் இதுதான். வேன்கார்ட் கேம்கள் விர்ச்சுவல் மெஷினிலோ லினக்ஸிலோ ஓடாது. ஏபெக்ஸ் 2024 அக்டோபர் கடைசியில் லினக்ஸ் ஆதரவை நிறுத்திவிட்டது.

ஹார்ட்வேர் ஐடி மாற்றும் கருவி, பைபாஸ், அன்பேன் டூல் என்று வருபவற்றைத் தொடாதீர்கள். அதை ஓட்டுவதற்கே ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அதன் பிறகு பிழை நீங்கினாலும் நீங்காவிட்டாலும் ஸ்டீம் பாஸ்வேர்டு போயிருக்கும், வெறும் சரிபார்ப்புப் பிழையாக இருந்தது உண்மையான பேன் ஆகியிருக்கும்.

எல்லாம் பார்த்தும் நிற்காவிட்டால் கேம் நிறுவனத்துக்கு டிக்கெட் போடுங்கள். பிழைச்செய்தியின் முழு வாசகம், அடைப்புக்குறி எண்ணோடு, நடந்த தேதியும் நேரமும், எம்எஸ்இன்ஃபோவில் ஃபைல் மெனுவிலிருந்து எடுத்த ரிப்போர்ட், இதுவரை செய்தவை, இவ்வளவும் முதல் கடிதத்திலேயே இருந்தால், ரீஇன்ஸ்டால் செய்து பாருங்கள் என்ற முதல் பதிலைத் தாண்டி நேராக அடுத்த ஆளிடம் போகும் வாய்ப்பு அதிகம். லாக்குகளும் கேட்பார்கள். வேன்கார்டுக்கு ப்ரோக்ராம் ஃபைல்ஸில் ரயட் வேன்கார்ட் ஃபோல்டருக்குள் லாக்ஸ், ஈஸி ஆன்டி-சீட்டுக்கு ஆப்டேட்டா ரோமிங்கில் அதன் பெயரிலேயே ஒரு ஃபோல்டர். திறந்தால் படிக்க முடியாத எழுத்தாக இருக்கலாம், அவர்களால் படிக்க முடியும். அன்இன்ஸ்டால் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் இவற்றை வேறொரு இடத்தில் நகலெடுத்து வைத்துவிடுங்கள்.